தண்ணீர் குறையக் குறைய வலு இழந்த வோட்டர் ஃப்ளொசர்

கல்லடியில் உள்ள எங்கள் வீட்டில், பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்ய நான் பயன்படுத்தும் கைக்கடக்கமான வோட்டர் ஃப்ளொசர், கடந்த மாதம் பீய்ச்சும் விசையை இழந்து, காற்றும் நீருமாகத் துப்பத் தொடங்கியது. முதலில் பெற்றரியைச் சந்தேகித்து இரவு முழுவதும் சார்ஜ் செய்தேன். பின்னர் முனைக்குழாயை மாற்றினேன். எங்கள் கிணற்று நீர் கேத்திலில் வெண்படிவம் விடுவது என்பதால், வினாகிரி கலந்த நீரை உள்ளே ஓடவிட்டும் பார்த்தேன். ஐந்து நாட்கள் இவ்வாறே வீணாயின.

ஆறாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன்: தொட்டி நிரம்பியிருக்கும்போது கருவி நன்றாகவே இயங்கியது; கால்பங்கு நீர் தீர்ந்த பின்னரே தடுமாறியது. அடைப்பென்றால் தொடக்கத்திலிருந்தே விசை குறைந்திருக்க வேண்டும். தொட்டியைக் கழற்றி, நீரை உறிஞ்சும் மெல்லிய ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தபோது, மேல்முனை பொருந்தும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் பம்பி நீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்திருக்கிறது. நான் வழக்கமாகச் சுடுநீர் ஊற்றியதால் ரப்பர் இறுகியிருக்கலாம்.

வெடித்த முனையில் அரைச் சென்ரிமீற்றரைச் சவர அலகால் நேராக வெட்டி, குழாயை மீண்டும் இறுக்கிப் பொருத்தினேன். மறுமுனை தொட்டியின் அடியைத் தொடுகிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இப்போது கடைசிச் சொட்டு வரை ஒரே விசையில் வருகிறது. வெதுவெதுப்பான நீரையே ஊற்றுகிறேன்.