எழுதி முடியாத எண்ணும் ரசீதின் பின்பக்கமும்

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டு முன்னறையில்தான் டியூஷன். படிவம் 4 பிள்ளைகள் எட்டுப் பேர். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த பகா எண்ணை (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) ஒருநாள் பலகையில் எழுதினேன்: 2இன் அடுக்கு 136,279,841, அதில் 1 கழிக்கவும். "முழுசா எழுதுங்க சார்" என்றான் ஒருவன். எழுதினால் 41,024,320 இலக்கங்கள். எழுதாமலே அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். கைப்பேசியும் தே தாரிக் கடை ரசீதின் பின்பக்கமும் போதும்.

முதலில் இலக்கங்களை எண்ணுங்கள். அடுக்கை 0.30102999566ஆல் (10ஐ அடிமானமாகக் கொண்ட 2இன் மடக்கை) பெருக்கினால் 41,024,319.945 வரும். முழு எண்ணோடு 1 கூட்டுங்கள், அவ்வளவுதான். சோம்பல்பட்டு 0.30103 என்று போட்டால் ஓர் இலக்கம் கூடிவிடும்.

கடைசி இரண்டு இலக்கங்கள் இன்னும் சுலபம். 4இலிருந்து தொடங்கினால் 2இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருபதுக்கு ஒருமுறை திரும்ப வரும். நம் அடுக்கை 20ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2இன் அடுக்கு 21ஐப் பாருங்கள்: 2,097,152. கடைசி 52, அதில் 1 போனால் 51.

சரி, பகா எண்தானா என்று எப்படிச் சொல்வது? அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. அடுக்கு 11க்கு வரும் 2047ஐப் பாருங்கள், 23 × 89. இங்கேதான் லூக்கா–லேமர் சோதனை வேண்டும். அடுக்கு 7, அதாவது 127ஐ வைத்துப் பழகுங்கள். 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127ஆல் வகுத்த மீதியை எழுதுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவாக, ஐந்து சுற்று:

4 → 14 → 67 → 42 → 111 → 0

பூஜ்ஜியம் வந்தால் பகா எண். பெரிய எண்ணுக்கும் இதே வேலைதான், 136,279,839 சுற்று.

ஒருநாள் இரண்டாம் சுற்றில், 14இன் வர்க்கத்தில் 2 போக வரும் 194இல் 127 போக மீதி 77 என்று பலகையில் எழுதிவிட்டேன். அப்புறம் 85, பிறகு 111, கடைசியில் பூஜ்ஜியமே வந்தது! "சார், அது 67தானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். அசடு வழிந்தேன். 42உம் 85உம் கூட்டினால் 127, அதனால் அந்த இரண்டு எண்களின் வர்க்கங்களும் ஒரே மீதியைத் தரும். தவறு அங்கே ஒளிந்துகொண்டது.

அன்றிலிருந்து இரண்டு பேர் தனித்தனித் தாளில் போட்டு, ஒவ்வொரு சுற்றையும் ஒப்பிட வேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம். நீங்கள் 2047ஐப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது சுற்றில் 1736 நிற்க வேண்டும்.