வேட்டைக் குத்தகை: ஏக்கர் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தெற்கே மண்சாலை முடியும் இடத்தில் ஓர் இரும்புக் கேட் இருக்கும். அதன் சங்கிலியில் ஐந்தாறு பூட்டுகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கும். ஒன்று நிலத்துக்காரருடையது, ஒன்று மரம் வெட்டும் கான்ட்ராக்டருடையது, ஒன்று மின்கம்பிக்காரர்களுடையது, ஒன்று வேட்டை கிளப்புடையது. எந்தப் பூட்டைத் திறந்தாலும் கேட் திறக்கும். திரும்பப் பூட்டும்போது யாராவது தப்பாகக் கோத்துவிட்டால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். வேட்டைக் குத்தகை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சங்கிலியைத்தான் காட்டுவேன். வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி நாம் வாங்குவது அதில் ஒரு பூட்டு மாட்டிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை மூட்டை கட்டப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் மான் யாருக்கும் சொந்தமில்லை. மாநில அரசு மக்கள் சார்பில் அதைப் பராமரிக்கிறது. ஆனால் மான் நிற்கும் நிலம் தனியாருடையது. ஜார்ஜியாவின் காட்டில் மிகப் பெரும்பகுதி தனியார் கையில்தான் இருக்கிறது. டெக்ஸாஸில் மொத்த நிலத்திலேயே 95 சதவீதம் அப்படி. ஆக, லைசென்ஸ் அரசு கொடுக்கும், கேட்டை நிலத்துக்காரர்தான் திறந்துவிட வேண்டும். அதற்கான கூலிதான் லீஸ். பத்துப் பேர் சேர்ந்து ஒரு லீஸ் எடுத்தால் அது ஹன்டிங் கிளப்.

விலை ஏறுகிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் பேரம் பேசப் போவதுதான் முதல் தவறு. முன்பு இந்தக் காடுகளில் பெரும்பங்கு காகித ஆலைகளுக்குச் சொந்தம். ஆலைக்கு மரம் வேண்டும். வேட்டைக்காரர்கள் காட்டின் மீது ஒரு கண் வைத்துக்கொண்டால் போதும் என்று சொற்பத் தொகைக்கு விட்டுவந்தார்கள். அப்புறம் ஆலைகள் நிலத்தை விற்கத் தொடங்கின. இன்டர்நேஷனல் பேப்பர் என்ற காகிதக் கம்பெனி 2006இல் மட்டும் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்றது. வாங்கியவை முதலீட்டு நிறுவனங்கள். 2016இல் வேயர்ஹாய்சர், பிளம் கிரீக் என்ற இரண்டு பெரிய காட்டுநிலக் கம்பெனிகள் இணைந்து 1 கோடி ஏக்கருக்கு மேல் ஒரே கையில் சேர்ந்தது. முதலீட்டுக்காரருக்கு ஏக்கர் என்பது வருமானம் தர வேண்டிய ஒரு சொத்து. பைன் மரம் வளர்ந்து இறுதி வெட்டுக்கு வர 25, 30 வருஷம் ஆகும். நடுவில் ஓரிரு முறை சில மரங்களைக் களைந்து விற்பதைத் தவிர, வருஷம் தவறாமல் காசு தருவது வேட்டைக்காரர்கள்தான். மரத்தைக் காகிதக் கூழாக்கும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. சவானாவில் 1930களிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஆலையே 2025இல் நின்றுவிட்டது. மரம் வாங்க ஆள் குறையக் குறைய, நிலவரி கட்ட லீஸ் பணத்தை நம்பும் சின்ன நிலக்காரர்கள் அதிகமாகிறார்கள். இன்னொரு பக்கம் சோலார் கம்பெனிகள் வருகின்றன. அவர்கள் ஏக்கருக்குத் தரும் வாடகைக்கு முன்னால் எந்த கிளப்பும் நிற்க முடியாது. அட்லாண்டாவின் புறநகர் நெடுஞ்சாலையில் வருஷத்துக்கு ஒரு எக்ஸிட் தள்ளிப் போகிறது. இடம் குறைகிறது, ஃபுளோரிடாவிலிருந்தும் ஆள் வருகிறது, விலை ஏறாமல் என்ன செய்யும்?

இந்தக் கதை தெரிந்தால் "போன வருஷ விலைக்கே கொடுங்கள்" என்று கெஞ்சுவதில் பயனில்லை என்பது புரியும். விலையைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் நல்ல கிளப்பைத் துரத்தவும் மாட்டார்கள். ராத்திரியில் பழைய சோபாவையும் டயரையும் காட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பது, புயலில் விழுந்த மரத்தைச் சாலையிலிருந்து அறுத்துத் தள்ளுவது, தேதி தவறாமல் பணம் கட்டுவது இவையெல்லாம் அவர்களுக்கும் காசுதான். 2024 செப்டம்பரில் ஹெலின் புயல் கிழக்கு ஜார்ஜியாவின் பைன் தோட்டங்களைப் படுக்கப் போட்டபோது, செயின்சாவோடு முதலில் போய் நின்ற கிளப்புகளை நிலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, இடம் பார்க்கப் போகிறீர்கள். இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 500 ஏக்கர் என்றதும் மயங்கிவிடுகிறார்கள். அந்த 500 ஏக்கரும் பத்து வயதுப் பைன் தோட்டமாக இருந்தால்? அந்த வயதில் மரங்கள் மேலே கிளை கோத்து வெயிலை மறைத்துவிடும். கீழே புல்பூண்டு இருக்காது, காய்ந்த ஊசியிலை மட்டும்தான். மான் பகலில் அதற்குள் படுக்கும், தின்ன வேறு எங்கோ போகும். அந்த வேறு எங்கோ உங்கள் எல்லைக்கு வெளியே இருந்தால் நீங்கள் பக்கத்து கிளப்பின் மானுக்குப் படுக்கையறை வாடகை கட்டுகிறீர்கள். 200 ஏக்கரே ஆனாலும், நடுவில் ஓர் ஓடை, ஓடையின் இருகரையிலும் வெட்டாமல் விட்ட ஓக் மரங்கள், ஒரு பக்கம் இரண்டு வருஷத்துக்கு முன் வெட்டிப் புதர் மண்டிய நிலம் இருந்தால் அதை எடுங்கள். அக்டோபரில் வெள்ளை ஓக் கொட்டை உதிரும்போது அங்கே மண்ணைப் பார்த்தாலே தெரியும், குளம்புத் தடம் மேல் தடமாக இருக்கும். மொட்டையாக வெட்டிய நிலத்தைப் பார்த்து ஓடுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. வெட்டி முதல் சில வருஷங்களில் முளைக்கும் தளிர்தான் மானுக்கு விருந்து.

ஆகவே நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை ஏக்கர் என்பதைவிட, எந்தத் துண்டை எப்போது வெட்டப் போகிறீர்கள் என்பது. நான் முதன்முதலில் சேர்ந்த கிளப்பில் யாரும் அதைக் கேட்கவில்லை. நவம்பர் முதல் வாரம், வருஷத்திலேயே ஆண் மான் அதிகம் நடமாடும் நாட்கள், விடியற்காலை நாலரைக்கு ஏணியில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் வந்ததும் 200 கெஜம் தள்ளி டீசல் இன்ஜின் உறுமியது. அன்றைக்கு ஆரம்பித்த மரவெட்டு சீசன் முடியும் வரை ஓயவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது: எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், பணம் திரும்பக் கிடைக்காது. ஆறு பக்கம் என்று சோம்பல்பட்டது எங்கள் தப்பு.

அந்த ஆறு பக்கத்தில் வேறென்ன பார்க்க வேண்டும்? எந்த விலங்குக்கு அனுமதி என்பது. மான் சீசன் ஜனவரியில் முடிந்ததும் முடிந்துவிடும் லீஸ்களும் இருக்கின்றன. வசந்தகாலக் காட்டு வான்கோழி அதில் கிடையாது, அதை வேறொருவருக்குத் தனியாக விட்டிருப்பார்கள். காட்டுப்பன்றியை ராத்திரியில் சுடலாமா என்பது இன்னொன்று. சட்டம் அனுமதித்தாலும் நிலத்துக்காரர் அனுமதிக்காமல் இருக்கலாம். நிலம் விற்றால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கும். 30 நாள் என்று எழுதிய ஒப்பந்தத்தை நம்பி மூவாயிரம் டாலருக்குச் சுண்ணாம்பும் குளோவர் விதையும் வாங்கி மானுக்குத் தீவன வயல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு வருஷ லீஸுக்கு ஒரு வருஷப் பயிர் போதும். மரத்தில் ஏறி உட்காரும் ஸ்டாண்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கட்டும். மரத்தில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள். அறுவை மில்லில் அந்த ஆணி பிளேடைப் பதம் பார்க்கும். அந்த ஒரு ஆணிக்காக லீஸே பறிபோகும் கம்பெனிகள் உண்டு.

இன்ஷூரன்ஸை வெட்டிச் செலவு என்று நினைப்பது அடுத்த தவறு. ஜார்ஜியாவில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொழுதுபோக்குக்காக இலவசமாக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. காசு வாங்கிவிட்டால் அந்தக் குடையின் கீழ் நிற்பது கடினம். அதனால்தான் கிளப் 10 லட்சம் டாலருக்குப் பாலிசி எடுத்து அதில் தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நிலத்துக்காரர் கேட்கிறார். உறுப்பினர்கள் மத்தியில் தலைக்கு வருவது சிறு தொகைதான். ஆனால் பாலிசி நிலத்துக்காரரை மட்டும் காக்கிறதா, உறுப்பினர் ஸ்டாண்டிலிருந்து விழுந்தாலும் பொருந்துமா, விருந்தாளி விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டையில் குண்டு பட்டு அடிபடுவதைப் போலவே மரத்திலிருந்து விழுந்து அடிபடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

இனி ஆட்கள் விஷயம். இதில்தான் நான் சொல்ல நிறைய இருக்கிறது. 400 ஏக்கர், ஏக்கருக்கு 14 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 5,600 டாலர். எட்டுப் பேர் என்றால் தலைக்கு 700. மே மாதக் கடைசியில் பணம் கட்ட வேண்டும். மே நடுவில் இரண்டு பேர், "இந்த வருஷம் வேலை ஜாஸ்தி, மன்னிச்சுக்கோங்க" என்று மெசேஜ் போடுவார்கள். மீதி ஆறு பேருக்குத் தலைக்கு 933. அதிலும் ஒருவர் முகம் சுளித்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அந்த ஒற்றை மனிதர் மொத்தத்தையும் சுமக்க வேண்டும். கிளப்புக்கென்று தனிப் பதிவு இல்லாத வரை நிலத்துக்காரருக்குத் தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான். பிப்ரவரியிலேயே திரும்பித் தராத முன்பணம் வாங்கிவிடுங்கள். சிநேகிதம் கெடும் என்று தயங்காதீர்கள். மே மாதம் கெடுவதைவிடப் பிப்ரவரியில் கெட்டால் தேவலை.

ஆளைக் கூட்டினால் செலவு குறையும் என்று பதினைந்து பேரைச் சேர்ப்பதும் உண்டு. 400 ஏக்கரில் பதினைந்து துப்பாக்கி என்றால், யார் எங்கே இருக்கிறார் என்பது உயிர் விஷயம். பழைய கிளப்புகளில் கேம்ப் வாசலில் பலகையில் ஒட்டிய வரைபடம் இருக்கும். வந்தவுடன் உங்கள் எண் போட்ட குண்டூசியை உட்காரப் போகும் இடத்தில் குத்த வேண்டும், கிளம்பும்போது பிடுங்க வேண்டும். இன்றைக்கு ஆப் இருக்கிறது. ஆனால் பள்ளத்தில் சிக்னல் இருக்காது. குண்டூசிக்கு சிக்னல் வேண்டாம்.

விருந்தாளி விதி இல்லாத கிளப்பில் நம்மவர்கள் சேரவே கூடாது. நாலு குடும்பம் சேர்ந்து போனால்தான் நமக்குப் போன மாதிரி இருக்கும். மச்சான் டல்லஸிலிருந்து வந்திருக்கிறார், சும்மா கூட வந்து பார்க்கட்டுமே என்போம். மற்ற உறுப்பினர் கண்ணில் அது காசு கட்டாத இன்னொரு ஆள். நண்பர்களிடம் பெட்ரோல் காசு என்று ஐம்பது டாலர் வாங்கிக்கொண்டு கூட்டிப் போவது, உள்குத்தகை என்ற பெயரில் லீஸையே முறித்துவிடும்.

லீஸ் இருக்கிறதே, லைசென்ஸ் எதற்கு என்று கேட்டவரும் உண்டு. சொந்த நிலத்தில் வேட்டையாடும் ஜார்ஜியாவாசிக்கு உள்ள விலக்கு குத்தகைக்காரருக்குக் கிடையாது. 1961 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். ஃபெடரல் சட்டப்படி நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதிலுள்ள முக்கியமான விலக்கு, அமெரிக்காவில் முறையாக வாங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஜார்ஜியா லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம்தான். சீசன் இல்லையே என்று புதுப்பிக்காமல் விட்டால், அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கி உங்கள் விசாவுக்கே ஆபத்தாகலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள், கிளப் தலைவரை அல்ல.

இடம் கிடைக்காத அவசரத்தில் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். 600 ஏக்கர், ஏரி உண்டு, விலை பாதி, இன்றே முன்பணம் அனுப்பினால் உங்களுக்கு என்று ஒரு விளம்பரம் வரும். படமும் அழகாக இருக்கும். கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்துவரிப் பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் உரிமையாளர் பெயரைப் பார்த்து, அவரையோ அவர் கம்பெனியையோ நேரில் பிடித்துப் பேசாமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். எல்லையையும் ஆன்எக்ஸ் என்ற வரைபட ஆப்பில் தெரியும் கோட்டை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கோடு சில இடங்களில் பல அடி தள்ளி விழும். மரங்களில் பெயின்ட் அடித்த எல்லை வரிசையை நிலத்துக்காரரோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

லீஸ் கிடைக்கவில்லை என்றால் வேட்டையே இல்லை என்று நினைப்பதும் தவறுதான். ஜார்ஜியா முழுக்க டபிள்யூஎம்ஏ எனப்படும் பொது வேட்டைக் காடுகள் மொத்தம் சுமார் 10 லட்சம் ஏக்கர் இருக்கின்றன. ஆனால் அவற்றிலும் ஒரு பகுதி தனியாரிடமிருந்து மாநிலம் குத்தகைக்கு எடுத்ததுதான். ஹூஸ்டன் கவுன்ட்டியில் (டெக்ஸாஸ்காரர்கள் மாதிரி சொன்னால் சிரிப்பார்கள், அங்கே அது ஹவ்ஸ்டன்) அப்படி மாநிலம் குத்தகைக்கு எடுத்திருந்த ஓக்கி வுட்ஸ் காட்டை வேயர்ஹாய்சர் 2004இல் மனைத் தொழில் செய்பவர்களுக்கு விற்றது. சுமார் 20,000 ஏக்கர். வீட்டுமனைச் சந்தை சரிந்த பிறகு 2010இல் அதில் பாதியைத்தான் மாநிலத்தால் வாங்க முடிந்தது. அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

தேடுவதற்குச் சரியான மாதம் பிப்ரவரி. செப்டம்பரில் தேடினால் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட துண்டுதான் கிடைக்கும். சீசன் முடிந்து சண்டை போட்டுக்கொண்டு கிளப்புகள் உடையும் காலம் பிப்ரவரிதான். இலையும் உதிர்ந்திருக்கும். ஓடையோரம் நடந்தால் போன குளிர்காலத்தில் ஆண் மான் கொம்பை உரசிப் பட்டை உரிந்த மரங்கள் வெள்ளையாகத் தெரியும். வரிசையாக மூன்று நான்கு கண்ணில் பட்டால் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.