கிளிப் போட்டவரைத் தவறவிடாமல் இருக்க: புது ஆர்த்தோ (பல் வரிசை சீரமைக்கும்) கிளினிக்குக்கு ஒரு செய்முறை

பல் பிடுங்க வந்தவர் அன்றே வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார். ரூட் கேனால் என்றால் இரண்டு மூன்று சிட்டிங். கிளிப் போட வந்தவர் மட்டும் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் நம்மோடு இருப்பார். அதற்குள் பொதுத்தேர்வு வரும், அப்பாவுக்கு மாற்றல் வரும், அக்காவுக்குக் கல்யாணம் நடக்கும். வாயில் இருக்கும் கம்பியோ நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

நான் கிளினிக் திறந்த புதிதில் ஒரு கல்லூரி மாணவிக்கு, மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களை ஆழமாக மூடியிருந்ததைச் சரிசெய்ய, ரிவர்ஸ் கர்வ் நைட்டினால் கம்பி (எதிர்ப்பக்கம் வளைத்த நிக்கல்-டைட்டானியம் கம்பி) போட்டேன். ஐந்து வாரம் கழித்து வரும்படி அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தேன். 11 மாதம் கழித்துத்தான் வந்தாள். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றையொன்று தொடவே இல்லை. பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டை) சுற்றிச் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு. வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாளாம். அவள் வரவில்லை என்பதே அந்த 11 மாதமும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்றுவரை என் மனதை உறுத்துவது அதுதான். கீழே சொல்லும் முறை எல்லாமே அதற்குப் பிறகு கட்டியது. புதிதாக ஆர்த்தோ பார்க்கத் தொடங்கும் டாக்டருக்கும், முன்மேசையில் இருப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஒரு மனக்கணக்கு

மாதம் 5 பேருக்குப் புதிதாகக் கிளிப் போடுகிறீர்கள், ஒருவருக்குச் சராசரி 20 மாதம் என்று வையுங்கள். 20 மாதம் ஓடியதும் 100 பேர் வாயில் கம்பியோடு ஊரில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வந்தால் வாரத்துக்கு 20 பேர். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 400 நிமிடம், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். பிராக்கெட் கழன்று வருபவர்கள் இதில் சேர்த்தியில்லை. ஐந்து பேர்தானே என்று ஆரம்பத்தில் தோன்றும். இந்தக் கணக்கை முதல் மாதமே போட்டுவிட்டால், இரண்டாம் வருடம் மூச்சு முட்டாது.

படி 2: கை வைப்பதற்கு முன் ரெக்கார்ட்

ஓ.பி.ஜி. (முழுப் பல்வரிசை எக்ஸ்ரே), லேட்டரல் செஃப் (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே), பல் மாடல் அல்லது ஸ்கேன், அப்புறம் போட்டோ. மற்றதெல்லாம் லேப் பார்த்துக்கொள்ளும். போட்டோவில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

முகத்துக்கு மூன்று: நேராகப் பார்த்து ஒன்று, சிரித்தபடி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வாய்க்குள் ஐந்து: முன்புறம், வலது, இடது, மேல் வளைவு, கீழ் வளைவு. மேல், கீழ் இரண்டுக்கும் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை அப்படியே வாயில் வைத்தால் மூச்சுக் காற்று பட்டு உடனே பனி படியும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் அதை முக்கி வைத்திருந்து, துடைத்து, உடனே எடுங்கள். உதவியாளர் பக்கத்தில் நின்று ஏர் சிரிஞ்சால் மெல்ல ஊதிக்கொண்டே இருந்தால் இன்னும் தெளிவாக வரும்.

பல்லில் ஏற்கனவே வெள்ளைத் திட்டோ, விளிம்பில் சிறு உடைவோ இருந்தால் அதைத் தனியாக ஒரு படம் எடுத்து, அன்றே அம்மா அப்பாவிடம் காட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து "இது கிளிப் போட்டதால வந்ததா டாக்டர்?" என்று கேட்டால், அப்போது நம் கையில் அந்தப் படம் இருக்க வேண்டும்.

படி 3: பேசுவதையும் எழுதி வையுங்கள்

எத்தனை மாதம் ஆகும், பல் எடுக்க வேண்டுமா, கிளிப்பைக் கழற்றிய பிறகும் ரிட்டெய்னர் (பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைப்பது) போட வேண்டும் என்பது, தேய்க்காவிட்டால் என்ன ஆகும், நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகும். இந்த ஐந்தையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. ஆங்கிலப் படிவத்தில் அவசரமாக வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாகவே எண்ணுவதில்லை.

"நல்ல பல்லை எதுக்கு டாக்டர் பிடுங்கணும்?" என்று பாட்டி கட்டாயம் கேட்பார். அது நியாயமான கேள்வி. மாடலைக் கையில் கொடுத்து, இடம் எங்கே பற்றவில்லை என்று விரலால் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போகும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் மனசு ஒத்துக்கொண்ட பிள்ளைதான் கடைசி வரை ஒழுங்காக வரும்.

பல் எடுக்க வேறு டாக்டரிடம் அனுப்பினால், சீட்டில் 14, 24 என்று எண் மட்டும் எழுதி விடாதீர்கள். "மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல்" என்று எழுத்திலும் எழுதி, போட்டோவில் அந்தப் பல்லை வட்டமிட்டு அனுப்புங்கள். போனில் பல் எண் சொல்லும் வழக்கமே வேண்டாம். தவறாக எடுத்த பல்லைத் திரும்ப வைக்க வழியில்லை.

கட்டணத்தில் முன்பணம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, கழன்ற பிராக்கெட்டுக்குத் தனிக் கட்டணமா, ரிட்டெய்னர் இதில் சேர்ந்ததா என்பதையும் அதே தாளில் போடுங்கள். ஒன்றை மட்டும் முன்மேசைக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: தவணை கட்டவில்லை என்பதற்காக யாரையும் நாற்காலி வரை வரவிடாமல் திருப்பி அனுப்பக் கூடாது. பணம் இல்லாத மாதம் வர வெட்கப்பட்டு நின்றுவிடுபவர்களே அதிகம். "பணத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம், நீங்க வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

படி 4: நாளைப் பிரிப்பது

புதிதாகக் கிளிப் ஒட்டுவது, கழற்றுவது போன்ற நீண்ட வேலைகளைக் காலையில் வையுங்கள். ஒட்டும்போது பல் காய்ந்தே இருக்க வேண்டும். 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் தடவி, கழுவி, ஊதியதும் பல் உறைபனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கி வெளுக்கும். அதன் மேல் எச்சில் பட்டால் மறுபடி முதலிலிருந்துதான். இந்த வேலையை வெளியே பத்துப் பேர் காத்திருக்கும் நேரத்தில் செய்தால் கை தானாக அவசரப்படும். அடுத்த வாரமே பிராக்கெட் கழன்று வரும்.

பள்ளிப் பிள்ளைகளின் ரிவ்யூ எல்லாம் மாலை 4.30-க்கு மேல், சனிக்கிழமை. தினமும் மாலையில் 20 நிமிட இடம் இரண்டை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வையுங்கள். "கம்பி குத்துது" என்று போன் வந்தால் அந்த இடத்தில் வரச் சொல்லலாம். வரும் வரை சமாளிக்க, ஒட்டிய அன்றே கையில் ஒரு துண்டு ஆர்த்தோ மெழுகு கொடுத்து, உருட்டிக் கம்பி முனையில் ஒட்டிக்கொள்ளும் விதத்தைக் கண்ணாடி முன் செய்ய வையுங்கள்.

தீபாவளிக்கு மறுவாரம் அந்தக் காலி இடத்தை நான்காக்குங்கள். முறுக்கும் தட்டையும் யாரை விட்டது! பொதுத்தேர்வு மாதங்களில் புதுக் கிளிப் வேண்டாம். மே மாதம் ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே தேதி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: "கம்பியில் இருப்பவர்" ரெஜிஸ்டர்

அப்பாயின்ட்மென்ட் புத்தகம் யார் வருகிறார் என்று மட்டுமே சொல்லும். யார் வரவில்லை என்று அதில் தெரியாது. அதனால் தனியாக ஒரு நோட்டு அல்லது கணினியில் ஒரு எக்செல் தாள் வேண்டும். ஒருவருக்கு ஒரு வரி. பெயர், இரண்டு போன் எண் (ஒன்று பெற்றோருடையது), ஒட்டிய தேதி, இப்போது வாயில் இருக்கும் கம்பி, கடைசியாக வந்த தேதி, அடுத்த தேதி.

அடுத்த தேதி கொடுக்காமல் யாரும் நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது. "போன் பண்ணிட்டு வர்றேன்" என்றால், சரி என்று விட்டுவிடாமல் ஒரு தேதியை எழுதுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் முன்மேசையில் இருப்பவர் இந்தத் தாளை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்க்க வேண்டும். அடுத்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆனவர்களுக்கு வாட்ஸ்ஆப் செய்தி. இரண்டு வாரம் ஆனால் போன். நான்கு வாரம் ஆனால் பெற்றோர் எண்ணுக்கு டாக்டரே பேச வேண்டும். பேசிய தேதியையும் அவர்கள் சொன்ன பதிலையும் அதே வரியில் எழுதுங்கள்.

இதில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. 0.014 அங்குல மெல்லிய நைட்டினால் கம்பியில் இருப்பவர் இரண்டு வாரம் தாமதித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ரிவர்ஸ் கர்வ், பவர் செயின் (பல்லை இழுக்கும் ரப்பர் சங்கிலி), லூப் (இடைவெளி மூடக் கம்பியில் வளைத்த வளையம்) போட்டவர்களின் வரியைச் சிவப்பாக்குங்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமை வரை காத்திராமல், தேதி தாண்டிய மறுநாளே போன்.

வெளியூருக்கு நிரந்தரமாகப் போகிறார் என்று தெரிந்தால், முறுக்கமான கம்பி எதையும் விட்டு அனுப்பாமல், சும்மா பிடித்து வைக்கும் ஸ்டீல் கம்பிக்கு மாற்றி, படங்களோடும் சிகிச்சைக் குறிப்போடும் அங்குள்ள ஆர்த்தோடாண்டிஸ்டுக்குக் கடிதம் கொடுங்கள்.

படி 6: நாற்காலியோர வேலைகள்

ஒவ்வொரு ரிவ்யூவிலும் நான்கு வரி போதும்: என்ன கம்பி எடுத்தேன், என்ன போட்டேன், எது கழன்றிருந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். கடைசி வரியை எழுதி வைத்திருந்தால் உதவியாளர் காலையிலேயே தட்டை அடுக்கிவிடுவார். மாட்யூல் (கம்பியைப் பிராக்கெட்டோடு பிணைக்கும் சிறு ரப்பர் வளையம்) நிறம் கேட்கும் பிள்ளைகளிடம், வெளிர் நிறம் போட்டால் சாம்பார் மஞ்சள் ஏறிவிடும் என்று சொல்லிவிடுங்கள்.

வெட்டிய கம்பித் துண்டுகளை எண்ணி எடுத்து, கூர்பொருள் போடும் வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவில் போடுங்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. பிளையர்களை உறையில் போட்டு ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். வாங்கும்போதே எல்லாவற்றிலும் இரண்டு செட் வாங்குங்கள்.

படி 7: கிளிப்பைக் கழற்றும் நாள்

அதே எட்டுப் படங்களை மறுபடி எடுங்கள். ரிட்டெய்னர் தயாராகி கைக்கு வரும் நாளுக்கும் கழற்றும் நாளுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பற்கள் பழைய இடத்தைத் தேடிப் போக வாரக்கணக்கில் காத்திருக்காது. ரிட்டெய்னரோடு ஒரு டப்பாவும் கொடுங்கள். ஹோட்டலில் டிஷ்யூ தாளில் சுற்றி மேசையில் வைத்த ரிட்டெய்னர் பெரும்பாலும் இலையோடு போய்விடும்.

அப்புறம் ரெஜிஸ்டரில் அவர் வரியை அடிக்காமல், ரிட்டெய்னர் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள். ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு என்று நான்கு தேதிகளை அவர் முன்னாலேயே குறித்துவிடுங்கள். திங்கட்கிழமை பார்க்கும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.