மலை இறக்கத்தில் இன்ஜின் பிரேக்: கியரை எப்போது, எப்படிக் குறைப்பது?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டி, ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் கீழே வருகிறது. ஆட்களும் பெட்டிகளுமாக 1,300 கிலோ எடையுள்ள காருக்குக் கணக்குப் போட்டால், எழுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு சூடு அந்த இறக்கத்தில் வெளிப்பட்டாக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம்? பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் ஏறும். கியரைக் குறைத்து இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும்.

இது எப்படி நடக்கிறது? கியரில் ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய இன்ஜினை இப்போது சக்கரம் சுழற்றத் தொடங்குகிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்று உள்ளே போகும் வழி மூடியிருப்பதால், பிஸ்டன்கள் காற்றை இழுக்கத் திணறுகின்றன. அந்தத் திணறலும் உள்ளிருக்கும் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கின்றன. கியர் குறையக் குறைய, அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுழல வேண்டும்; அதனால் இழுப்பும் கூடும். டீசல் வண்டிகள் பலவற்றில் இப்படிக் காற்றை அடைப்பதில்லை. லாரி, பஸ்களில் புகைபோகும் குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைத்திருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மைலேஜுக்காக நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும்; இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து: இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

மேனுவல் வண்டியில்

முதலில் ஆளில்லாத சமதளச் சாலையில் பழகுங்கள். மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய், பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள். வண்டி எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதை உடம்பால் உணருங்கள். அதையே இரண்டாவது கியரில் 30-இல் செய்து பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது கியர் குறைப்பது. முதலில் பிரேக், பிறகுதான் கியர். இந்த வரிசை மாறவே கூடாது. பிரேக்கால் வேகத்தை 30-க்குக் கொண்டுவந்து, கிளட்சை முழுதாக மிதித்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி, கிளட்சை மெல்ல விடுங்கள். விடும் முன் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டினால் குலுங்காமல் சேரும். அந்தத் தட்டு கைவர நாளாகும். அதுவரை கிளட்சை நிதானமாக விட்டாலே போதும். சேர்ந்த பிறகு கிளட்ச் பெடல்மேல் கால் இருக்கவே கூடாது. கிளட்ச் மிதிபட்டிருந்தால் இன்ஜின் பிரேக் என்று ஒன்று இல்லை.

80-இல் போகும் வண்டியை நேராக இரண்டாவதில் போட்டால், பல வண்டிகளில் சக்கரம் இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடக்கூடும். அதைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு எதுவும் மேனுவல் வண்டியில் கிடையாது. மழைச் சாலையில் கிளட்சைப் படக்கென்று விட்டால் இன்ஜினோடு இணைந்த சக்கரங்கள் சறுக்கும். பைக்கில் பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

இனி மலை. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் சொல்வது சரியான கணக்கு. பெரும்பாலான கொண்டை ஊசி வளைவுப் பாதைகளில் சின்ன கார்களுக்கு அது இரண்டாவது கியர். ஊட்டி–மசினகுடி சாலையிலுள்ள கல்லட்டி போலச் செங்குத்தான இடங்களில் முதல் கியரும் தேவைப்படும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில், விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் இறங்கவே தடை போட்டார்கள். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால், கிளட்சை மிதித்திருக்கும் அந்த இரண்டு விநாடியிலேயே வண்டி இன்னும் வேகமெடுக்கும்.

சரியான கியரிலும் வேகம் மெல்லக் கூடத்தான் செய்யும். 35-ஐத் தொட்டதும் பிரேக்கை நன்றாக மிதித்து 25-க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் பிரேக்கைக் காய்ச்சி எடுக்கும். அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்தால் இன்னொரு கியர் குறைய வேண்டும் என்று பொருள். முதல் கியரானால், வண்டி நடைவேகத்துக்கு வந்த பிறகே போடுங்கள். இன்ஜின் உறுமுகிறதே என்று பயப்பட வேண்டாம். டாக்கோமீட்டர் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை எந்தக் கெடுதலும் இல்லை. இன்ஜின் பிரேக்கில் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வண்டி வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டியதும் இறங்குபவர்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டியில்

‘டி’-யிலேயே (டிரைவ்) விட்டால், காலை எடுத்ததும் பல வண்டிகள் மேல் கியருக்குத் தாவிவிடும். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் பிரேக் இல்லை என்ற தப்பான எண்ணம் இதனால்தான் வருகிறது. ஏ.எம்.டி. (மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்ச், கியர் வேலையைத் தானே செய்துகொள்ளும்) வண்டியில் லிவரை ‘எம்’-க்குத் தள்ளி, கழித்தல் குறிப் பக்கம் தட்டி இரண்டாவதுக்கு வாருங்கள். டார்க் கன்வெர்ட்டர், இரட்டைக் கிளட்ச் வண்டிகளிலும் இதே முறைதான். ஸ்டீயரிங் பின்னால் பேடில் (விரலால் இழுத்துக் கியர் மாற்றும் தகடு) இருந்தால் இடப்பக்கத்தது கியரைக் குறைக்கும். வேகம் அதிகமாயிருந்தால் வண்டியே கியர் குறைக்க மறுத்துவிடும். பிரேக்கால் குறைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். சி.வி.டி.-யில் (தனித்தனிக் கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) ‘எல்’ (L) அல்லது ‘எஸ்’ (S), ஹைபிரிட்டில் ‘பி’ (B; பார்க்கிங்குக்கான P அல்ல). உங்கள் லிவரில் எது இருக்கிறது என்பதை ஊரிலேயே பார்த்துவையுங்கள், அடிவாரத்தில் தேடாதீர்கள்.

மின்சாரக் காரில் மோட்டாரே பிடித்து இழுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். ஆனால் மலைமேல் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது, இழுப்பும் குறைந்துவிடும். 80 சதவீதத்தோடு கிளம்புங்கள்.

பிரேக் சூடேறிவிட்டால்

கருகல் வாடை, வழக்கத்தைவிட ஆழமாகப் போகும் பெடல், மிதித்தும் பிடிக்காத வண்டி. முதல் அறிகுறியிலேயே ஓரங்கட்டுங்கள். பெடல் கீழே போனால் அதை விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நின்றதும் கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் ‘பி’-யில் (P) வைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால், மலைக்குக் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் விட்டு மாற்றிவிடுங்கள்.