மாத்திரை விட்டுப்போகாமல் இருக்க: ஏஆர்டி (எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை) மையத்துக்குப் புதிதாக வரும் ஆலோசகருக்கு

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். "ஆமாங்க" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "திருவிழாவுக்கு ஊருக்குப் போனீங்களே, எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்ற தொனி இருந்தால்தான் உண்மை வரும். மிச்ச மாத்திரையை எண்ணுவது நம் வேலைதான். ஆனால் திட்டுகிற மையமாக இருந்தால், கணக்கு சரியாக வரட்டும் என்று வழியிலேயே நாலு மாத்திரையைக் கொட்டிவிட்டு வருவார்கள்.

இப்போது பெரும்பாலோருக்கு டிஎல்டி, அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை. நாளைக்கு ஒரே மாத்திரை. சாப்பாட்டுக்கு முன், பின் என்ற கட்டாயம் கிடையாது. முன்பு எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்த காலத்தில் தலைசுற்றலுக்காகப் படுக்கும்போது கொடுத்தோம். அதே பழக்கத்தில் எல்லாரிடமும் "ராத்திரி" என்று சொல்ல வேண்டாம். டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எப்போது விழுங்க முடியுமோ அதுவே நல்ல நேரம். ஓர் அக்கா, டப்பா குலுங்கும் சத்தம் மாமியார் காதில் விழுமோ என்று பயந்தே மாத்திரையை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தோம், சத்தம் நின்றது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மட்டும் எடுக்க வேண்டாம், மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைக்கவும் வேண்டாம் என்றேன்.

குடிக்கிறவர்களிடம் கவனம். "சரக்கு போட்ட அன்னிக்கு மாத்திரை ஆகாது" என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். நாம் "குடிக்காதே" என்று அதட்டினால் நிற்பது குடி அல்ல, மாத்திரை. "குடிச்சாலும் மாத்திரையை விடாதீங்கண்ணே, காலையிலயே போட்டுடுங்க" என்று முதலில் சொல்லுங்கள். குடியைப் பற்றி அடுத்த முறை பேசலாம். மாலை போட்டவர்களுக்கும் வெறும் வயிற்றில் போடலாம் என்பது தெரிந்தால் போதும், விரதம் தடையில்லை.

மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கர்ப்பிணிகளின் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை டிஎல்டியோடு சேர்த்துப் போடுவதென்றால் சாப்பாட்டோடு போட வேண்டும். இல்லையென்றால் டிஎல்டியை 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடட்டும்.

வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) 'கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. மாத்திரையால்தான் வைரஸ் அடங்கியிருக்கிறது, அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குப் பரவாது என்று அந்தத் தாளைக் கையில் கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு, டிஎல்டி போட்டு 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தேவை. இரண்டு டப்பாவிலும் சூரியன், நிலா படம் வரைந்து கொடுங்கள். டிபி மருந்து முடிந்தாலும் கூடுதல் மாத்திரையை மேலும் 2 வாரம் தொடர வேண்டும்; அந்தத் தேதியை டப்பாவிலேயே எழுதிவிடுங்கள்.