முதல் கேரவன்: படுக்கையைப் பார்த்து வாங்குங்கள்

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி வரை குடும்பத்தோடு ஆங்காங்கே தங்கிச் செல்ல முதன்முதலாகக் கேரவன் வாங்க எண்ணுபவர்கள், வெளித்தோற்றத்தையோ சமையல் மேடையையோ பார்ப்பதற்கு முன், இரவில் அனைவரும் கால் நீட்டிப் படுக்க முடியுமா என்பதையே உறுதிசெய்ய வேண்டும்.

நான்கு பேர் படுக்கலாம் என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்காமல், வீட்டில் எல்லோரிலும் உயரமானவரை அங்கேயே படுக்கவைத்துப் பாருங்கள். கட்டில் 6 அடிக்குச் சற்று மேல் நீளமும், இருவர் படுப்பதானால் 4 அடிக்குக் குறையாத அகலமும் இருப்பது நல்லது. பகலில் இருக்கையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் அமைப்பில், மெத்தைத் துண்டுகள் சேரும் இடம் இடுப்புக்கு நேர்கீழே வந்தால் விடியும்போது முதுகு பிடித்துக்கொள்ளும். அப்பத்தாவுக்கு அது ஆகவே ஆகாது, அவருக்கு மடக்காத கீழ்க்கட்டில்தான் வேண்டும். மேல்தட்டில் உறங்கும் பிள்ளைகளுக்குத் தடுப்புக் கம்பி கட்டாயம். படுப்பவர் ஒவ்வொருவருக்கும் வண்டி ஓடும்போது உட்கார, சீட் பெல்ட் உள்ள இருக்கை இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கரையில் தூக்கத்தைக் கெடுப்பது புழுக்கமே. ஆகவே கொசுவலை பொருத்திய ஜன்னல்கள் எதிரெதிராக இருக்க வேண்டும். மெத்தையைத் தாங்கும் பலகைகளுக்கிடையே காற்றோட இடைவெளியும் வேண்டும், இல்லையேல் ஈரம் தங்கி மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பிடிக்கும்.

பழைய வண்டியென்றால் மெத்தையைத் தூக்கி மூலைகளை முகர்ந்து பார்ப்பதோடு, உப்புக்காற்று அரிக்கும் அடிச்சட்டத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரலால் சுரண்டியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.