பழைய இன்ஜினுக்கு சிந்தெடிக் ஆயில்: எங்கே தப்பு நடக்கிறது?

"பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஊத்தினா லீக் ஆகும்" என்று ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் சொல்வார்கள். 1970-களில் வந்த சில சிந்தெடிக் (ரசாயன முறையில் தயாரித்த) ஆயில்கள் ரப்பர் சீல்களுக்கு ஒத்துவராததில் கிளம்பிய பேச்சு அது. இன்றைய சிந்தெடிக் நல்ல சீலைக் கெடுக்காது. ஆனால் விறைத்துப்போன சீலின் வெடிப்பைப் பல வருட அழுக்கு அடைத்து வைத்திருந்தால், அந்த அழுக்கு கரைந்ததும் ஒழுகல் வெளியே தெரியும். அப்போது மாற்ற வேண்டியது சீலை, ஆயிலை அல்ல.

இன்ஜினின் நிலைமையைப் பார்க்காமல் கேனைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய தவறு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே பழுப்புக் கறை மட்டும் இருந்தால் கவலையில்லை. விரலை விட்டால் கருப்பாக, கிரீஸ் போல அப்பிக்கொண்டு வந்தால் சகதி சேர்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட இன்ஜினில் ஃப்ளஷ் (உள்ளே சேர்ந்த அழுக்கைக் கரைக்கும் திரவம்) ஊற்றி ஒரே நாளில் சுத்தம் செய்யப் பார்ப்பது ஆபத்து. கட்டிகள் பெயர்ந்து, சம்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இருக்கும் சல்லடையை அடைக்கும்; பிரஷர் விழும், பேரிங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் ஆயில் போகாது. அதற்குப் பதில் மினரல் ஆயிலையே (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதா ஆயில்) ஊற்றி, 2,000 கி.மீ. ஓடியதும் ஃபில்டரோடு மாற்றுங்கள். இப்படி இரண்டு முறை செய்த பிறகு சிந்தெடிக் பற்றி யோசிக்கலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறதா? வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். ஓடும்போதும் புகைந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குடிக்கும் இன்ஜினில் ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றுவது காசைப் புகையாக விடுவதுதான்.

சத்தத்தையும் புகையையும் அடக்க, 10W-30 கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்) கேட்கும் இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20W-50 ஊற்றுவதும் வழக்கம். கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறத் தாமதமாகும், தேய்மானம் கூடும். தேய்ந்த இன்ஜினுக்கு 10W-40 வரை போகலாம், அதுவும் மேனுவல் அனுமதித்தால். 'W'-வுக்கு முன்னுள்ள எண் குளிருக்கானது. ஊட்டியில் அதற்கு மதிப்புண்டு; சென்னை வெயிலில் 5W-க்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய லாபமில்லை.

மினரலையும் சிந்தெடிக்கையும் கலந்தால் திரிந்துவிடும் என்பதும் பயமே தவிர உண்மையில்லை. அவசரத்துக்கு அதே கிரேடில் எதை வேண்டுமானாலும் டாப்-அப் செய்யலாம். சிந்தெடிக்கின் பலன்தான் கொஞ்சம் குறையும்.

சிந்தெடிக் என்றதும் 10,000 கி.மீ. வரை ஆயில் மாற்றாமல் இழுப்பவர்களும் உண்டு. தேய்ந்த ரிங் வழியாகப் பெட்ரோலும் கரியும் சம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை கொடுத்த ஆயிலானாலும் அழுக்காகும். பழைய காரில் 5,000 கி.மீ. அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அதில் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டின் வாஷரும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரில் கசிந்துவிட்டு, பழியை சிந்தெடிக் மேல் போடுவது அடிக்கடி நடக்கிறது.

பைக்குக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கார் ஆயிலை ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைக்கும் கலவை கார் ஆயிலில் இருந்தால் கிளட்ச் வழுக்கும். மினரலோ சிந்தெடிக்கோ, கேனில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்க வேண்டும்.